ஒரு பிடி மண் பதமா? அக்வெசாஸ்னேயில் மண்ணைச் சோதித்த கதை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு நம்ம வீட்டுல சொல்வாங்க. சோத்துக்கு அது சரிதான். கொதிக்கிற தண்ணி பானை முழுக்கச் சுத்தி வரும், எல்லா அரிசிக்கும் கிட்டத்தட்ட ஒரே சூடு. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தா மீதியைப் பத்தி தைரியமா சொல்லிடலாம்.

மண்ணுக்கு இந்தக் கணக்கு செல்லாது. மண்ணை யாரும் கிண்டுறதில்ல. ஒரு இடத்துல எண்ணெய்க் கழிவு கொட்டியிருக்கும், பத்தடி தள்ளிச் சுத்தமா இருக்கும். காத்துல வந்து படிஞ்ச விஷம் மேல் ரெண்டு அங்குலத்துல நிக்கும், புதைச்ச விஷம் எட்டடிக்குக் கீழ இருக்கும். எங்க தோண்டுறீங்க, எவ்வளவு ஆழம் தோண்டுறீங்க, எத்தனை பிடி எடுக்குறீங்க என்பதைப் பொறுத்து, ஒரே வயலுக்கு "ஒண்ணுமில்ல"ன்னும் ரிப்போர்ட் வரும், "ஓடிப் போயிடுங்க"ன்னும் வரும். ரெண்டுமே பொய் இல்லை. டெஸ்ட் கேஸ் எழுதுறவன்தான் பக் கிடைக்குமா கிடைக்காதான்னு பாதி முடிவு பண்றான் என்பது என் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மண்ணிலும் அதே கதைதான். அப்போ கேள்வி: டெஸ்ட் கேஸை எழுதுறது யார்?

அந்தக் கேள்வியை நாற்பது வருஷத்துக்கும் மேலாக விடாமல் கேட்ட ஒரு ஊரைப் பற்றித்தான் இந்த எபிசோட். ஊர் பெயர் அக்வெசாஸ்னே.

மேப்பில் தேடினால் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம், கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்கள், இந்த மூன்றும் சந்திக்கிற இடம். அங்கே மொஹாக் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் கனியென்கெஹாகா, சிக்கிமுக்கிக் கல்லின் மக்கள். ஹோடெனோஷோனி என்ற ஆறு தேசங்களின் கூட்டமைப்பில் அவர்களும் ஒரு தேசம். எல்லைக்கோடு போட்டவர்கள் ஊர் நடுவில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் அமெரிக்கப் பக்கத்துக்கு ஒரு பழங்குடி அரசு, கனடாப் பக்கத்துக்கு ஒரு கவுன்சில், இரண்டுக்கும் முன்பிருந்தே இருக்கிற பாரம்பரியத் தலைவர்களின் சபை ஒன்று. இதுக்கு மேல ரெண்டு நாடு, ரெண்டு மாகாணம், ஒரு மாநிலம். ஆத்துல ஒரு மீன் காலையில கிளம்பி சாயங்காலம் வர்றதுக்குள்ள அஞ்சு அரசாங்கத்தோட சட்டத்துக்குள்ள நீந்திட்டு வரும்.

நியூயார்க் நகரத்தின் வானுயரக் கட்டடங்களில் இரும்புச் சட்டங்களை ஏற்றிப் பூட்டியவர்களில் மொஹாக் ஆண்கள் நிறையப் பேர். அது வேறு எபிசோடுக்கான விஷயம். அவர்கள் வேலைக்குப் போன இடம் அது. ஊரில் இருந்த வாழ்க்கை வேறு: ஆறு, மீன், சோளமும் பீன்ஸும் பூசணியும் சேர்த்து நடுகிற தோட்டம், மாடு, கறுப்பு ஆஷ் மரச் சீவலில் கூடை, பொறி வைத்துப் பிடிக்கிற சின்ன விலங்குகள். அதாவது சாப்பாட்டில் பெரும்பகுதி அந்த மண்ணிலிருந்தும் அந்தத் தண்ணீரிலிருந்தும் நேரடியாக வந்தது. இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னால் இதுதான் முக்கியம்.

ஆற்றின் மேல்பக்கம் மசீனா என்ற சின்ன நகரம் இருக்கிறது. அலுமினியம் உருக்குவதற்கு மலை மலையாக மின்சாரம் வேண்டும். மசீனாவில் ஆற்று மின்சாரத்தை நம்பி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அல்கோவா வந்துவிட்டது. 1950களில் செயின்ட் லாரன்ஸ் கடல்வழித் திட்டம் வந்தது. பெரிய கப்பல்கள் அட்லாண்டிக்கிலிருந்து உள்நாட்டு ஏரிகள் வரை போவதற்கு ஆற்றை ஆழப்படுத்தி, கால்வாய் வெட்டி, பிரம்மாண்டமான மோசஸ்-சான்டர்ஸ் அணையையும் கட்டினார்கள். 1959ல் கடல்வழி திறந்தது. மலிவு மின்சாரம் கிடைத்ததும் ரெனால்ட்ஸ் மெட்டல்ஸ் ஒரு அலுமினிய ஆலையைக் கொண்டுவந்தது. பக்கத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸ், அதாவது ஜி.எம்., ஒரு வார்ப்பாலை போட்டது. அந்த வார்ப்பாலையின் கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் மொஹாக் நிலம். ராக்கெட் பாயிண்ட் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். வேலிக்கு அந்தப் பக்கம் என்றால் உருவகமா சொல்லலை, நிஜமாகவே வீடுகள் வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

முதலில் மாட்டிக்கொண்டது மாடுகள்.

ஆலைகளுக்குக் காற்றடிக்கும் திசையில் கார்ன்வால் தீவு இருக்கிறது. அக்வெசாஸ்னேயின் கனடாப் பகுதி. அங்கே பலர் கறவை மாடு வைத்திருந்தார்கள். 1960, 70களில் மாடுகளின் பற்கள் தேய ஆரம்பித்தன. கால் எலும்பு வீங்கி நொண்டின. குளிர்ந்த தண்ணீரைக் குடிக்க முடியாமல் நாக்கால் நக்கின, ஏனென்றால் பல் நரம்பு வெளியே தெரிந்தது. அலுமினிய ஆலையின் புகையில் வந்த ஃப்ளோரைடு புல் மேல் படிந்திருக்கிறது. மாடு மேய்ந்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெனார்ட் குரூக், ஜார்ஜ் மேலின் என்ற இரண்டு கால்நடை மருத்துவ விஞ்ஞானிகள் 1979ல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார்கள். 1980ல் கனடாப் பக்கத்து மொஹாக் கவுன்சில் 15 கோடி டாலர் கேட்டு ஆலைகள் மேல் வழக்குப் போட்டது. ஐந்து வருடம் இழுத்தது. வக்கீல் செலவுக்குப் பணம் இல்லாமல், 6 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமாதானமாகப் போக வேண்டி வந்தது.

15 கோடி எங்க, ஆறரை லட்சம் எங்க. ஆனா இந்த வழக்குல அவங்க ஒரு பாடம் கத்துக்கிட்டாங்கன்னு நான் நினைக்கிறேன். அளவீடுகளை வேறொருத்தர் வந்து செஞ்சு தர்ற வரைக்கும் காத்திருக்கணும்னா, மாடு செத்துப் பத்து வருஷம் கழிச்சுத்தான் கேஸே ஆரம்பிக்கும்.

ஃப்ளோரைடாவது பல்லில் தெரிந்தது. அடுத்து வந்தது கண்ணுக்கே தெரியாதது.

ஜி.எம். ஆலையில் உருகிய அலுமினியத்தை அச்சுக்குள் அழுத்தி கார் பாகங்கள் செய்தார்கள். அந்த இயந்திரங்கள் ஹைட்ராலிக் எண்ணெயில் ஓடும். பக்கத்திலேயே உருகிய உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும்போது சாதாரண எண்ணெய் கசிந்தால் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காத எண்ணெய் ஒன்று சந்தையில் இருந்தது: பிசிபி கலந்த எண்ணெய். அமெரிக்காவில் இதைத் தயாரித்த பெரிய கம்பெனி மொன்சான்டோ. பிசிபி எளிதில் எரியாது, எளிதில் ஆவியாகாது, அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாது. ஒரு இன்ஜினியருக்குக் கனவுப் பொருள். பிரச்சினை என்னன்னா, எதுக்கும் அசையாத பொருள் மண்ணுக்குள்ள போனாலும் அசையாம அப்படியே இருக்கும். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மண்ணில் இருந்து புழுவுக்கு, புழுவில் இருந்து எலிக்கு, சேற்றில் இருந்து மீனுக்கு, மீனில் இருந்து மனிதருக்கு, ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகும். ஒரு தாய் தன் உடம்பின் கொழுப்பில் சேர்த்து வைத்ததைக் குழந்தைக்குப் பாலில் கொடுப்பாள்.

கழிவு எண்ணெயும் அது ஊறிய சேறும் ஆலை வளாகத்துக்குள்ளேயே குட்டைகளிலும் குழிகளிலும் போனது. பன்னிரண்டு ஏக்கரில் ஒரு குப்பைமேடு எழுந்தது, அதுவும் மொஹாக் எல்லையை ஒட்டியே. 1976ல் அமெரிக்கக் காங்கிரஸ் பிசிபியைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. 1983ல் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இனி இ.பி.ஏ. என்று சொல்கிறேன், பிசிபியை முறைகேடாகக் கொட்டியதற்காக ஜி.எம்.முக்கு 5 லட்சத்து 7 ஆயிரம் டாலர் அபராதம் போட்டது. 1984ல் அந்த இடம் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் ஏறியது. நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட, அரசு முன்னுரிமை கொடுத்துச் சுத்தப்படுத்த வேண்டிய இடங்களின் பட்டியல் அது.

பட்டியலில் ஏறியது வேலிக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் தோட்டம் போட்டிருக்கிறவருக்கு என்ன தெரியும்? "என் மண்ணுல எவ்வளவு இருக்கு?" என்பதுதான் அவருக்கு வேண்டிய ஒரே எண். அந்த எண்ணைக் கொடுக்கிற சர்வேயைத் திட்டமிடுவது, சூப்பர்ஃபண்ட் நடைமுறைப்படி, பெரும்பாலும் மாசுபடுத்திய கம்பெனி அமர்த்துகிற ஆலோசனை நிறுவனம். அரசு மேற்பார்வை பார்க்கும், சரிதான். இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க.

இந்த இடத்துலதான் ரெண்டு பேர் கதைக்குள்ள வர்றாங்க.

ஒருவர் கட்ஸி குக். மொஹாக் பெண், பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. பிரசவத்துக்கு வருகிற பெண்கள் அவரிடம் கேட்ட கேள்வி: நாங்க பால் கொடுக்கலாமா? பதில் சொல்ல அவரிடம் தரவு இல்லை. 1980களின் நடுவில் அவர் தாய்ப்பால் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, ஊர்ப் பெண்களைச் சேர்த்து, நியூயார்க் மாநில சுகாதாரத் துறை விஞ்ஞானிகளை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் போட்ட நிபந்தனை முக்கியம். எங்க பெண்கள் உங்க ஆராய்ச்சிக்கு வெறும் சாம்பிள் இல்ல, இந்த ஆராய்ச்சியோட பங்காளிகள். எதை அளக்கணும்னு நாங்களும் சொல்வோம், முடிவு முதல்ல எங்களுக்கு வரணும்.

இன்னொருவர் வார்டு ஸ்டோன். நியூயார்க் மாநில அரசில் வனவிலங்கு நோயியல் நிபுணராக இருந்தவர். 1985லிருந்து அவர் அக்வெசாஸ்னேக்கு வந்து மொஹாக் மக்களோடு சேர்ந்து சாம்பிள் எடுக்க ஆரம்பித்தார். அவர் மண்ணை மட்டும் பார்க்கவில்லை. ஆலைக்குக் கீழே இருக்கிற சின்னக் குடாவில், ஊர்க்காரர்கள் ஆமைக் குடா என்று சொல்லும் இடத்தில், விலங்குகளைப் பிடித்துப் பார்த்தார். ஒரு மூஞ்சூறு கிடைத்தது. உடம்பில் 11,522 பிபிஎம் பிசிபி. 1987ல் ஒரு பெண் ஆமை. கொழுப்பில் 3,067 பிபிஎம்.

எண்களைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பத்து டன் மண் ஏற்றிய லாரியில் பத்து கிராம் பிசிபி கலந்திருந்தால் அது 1 பிபிஎம். அமெரிக்கச் சட்டப்படி 50 பிபிஎம் தாண்டிய கழிவைச் சாதாரணக் குப்பையோடு போட முடியாது, அதற்கென்று தனியாக அனுமதி பெற்ற இடத்தில்தான் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். 3,067 என்றால் அதைப்போல அறுபது மடங்கு. சட்டத்தை அப்படியே எழுத்துப்படி எடுத்துக்கொண்டால், அந்த ஆமை நடமாடும் அபாயக் கழிவு.

மொஹாக் மக்களுக்கு இது வெறும் ஆமை இல்லை. ஹோடெனோஷோனி மக்களின் படைப்புக் கதையில் உலகம் முழுக்கத் தண்ணீர். வானத்திலிருந்து ஒரு பெண் விழுகிறாள். ஆமை தன் முதுகில் அவளைத் தாங்குகிறது. தண்ணீருக்கு அடியிலிருந்து நீர்விலங்கு ஒன்று ஒரு பிடி மண்ணைக் கொண்டுவருகிறது. அந்த மண்ணை ஆமை முதுகில் பரப்ப, அது வளர்ந்து நிலமாகிறது. மொஹாக் குலங்கள் மூன்றில் ஒன்று ஆமைக் குலம். அப்படிப்பட்ட ஊரில் ஆமையைப் பிடித்துப் பரிசோதித்து, "இதைக் குப்பையாகக்கூடப் போட முடியாது"ன்னு ஒரு ரிப்போர்ட் வந்தால் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுக்கோங்க.

சயின்ஸ் பக்கம் பார்த்தாலும் ஸ்டோன் செய்தது புத்திசாலித்தனமான வேலை. நான் முதலில் சொன்ன பானைப் பிரச்சினைக்கு விலங்கு ஒரு நல்ல பதில். மூஞ்சூறு ஒரு சின்ன வட்டத்துக்குள் தினமும் புழுவும் பூச்சியும் தின்றுகொண்டு சுற்றுகிறது. ஆமை பல வருடங்கள் அதே குடாவின் சேற்றில் வாழ்கிறது. நீங்க நூறு இடத்தில் தோண்டி எடுக்கிற சராசரியை அது தன் கொழுப்பில் எழுதி வைத்துக்கொண்டே வருகிறது. ஆனால் நீதிமன்றத்திலும் சுத்திகரிப்புத் திட்டத்திலும் மூஞ்சூறு போதாது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் தோண்டி, எத்தனை டன் எடுக்க வேண்டும் என்பதற்கு மண் எண்கள் வேண்டும்.

அதனால மண் சோதனை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பொறுமையா பார்ப்போம். எனக்குப் பிடிச்ச பகுதி இது, கொஞ்சம் நீட்டினா மன்னிச்சுக்கோங்க.

முதலில் நிலத்தின் மேல் ஒரு கட்டம் போடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றோ சிலவோ இடங்களில் மண் எடுப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் கரண்டியைக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் போன குழியின் பிசிபி அடுத்த குழிக்குப் போய்விடும். கண்ணாடி ஜாடியில் அடைத்து, லேபிள் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். கூடவே ஒரு காகிதம் போகும்: இந்த ஜாடி எத்தனை மணிக்கு யார் கையில் இருந்தது, யாரிடம் மாறியது என்று கையெழுத்தோடு. அந்தச் சங்கிலி ஒரு இடத்தில் அறுந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் மொத்த முடிவையும் தூக்கி எறிந்துவிடுவார். லேபில் மண்ணைக் கரைப்பானில் ஊறவைத்து பிசிபியைப் பிரித்தெடுத்து, கேஸ் குரோமடோகிராஃப் என்ற கருவியில் ஓட்டுவார்கள். வரைபடத்தில் வரிசையாகச் சிகரங்கள் வரும்.

அந்தச் சிகரங்கள்தான் கைரேகை. பிசிபி என்பது ஒரே பொருள் இல்லை, 209 வகை மூலக்கூறுகளின் குடும்பம். மொன்சான்டோ அவற்றை வெவ்வேறு கலவையாக அரோக்ளோர் என்ற பெயரில் விற்றது. அரோக்ளோர் 1248 என்றால் எடையில் 48 சதவீதம் குளோரின். 1260 என்றால் 60 சதவீதம். ஜி.எம். வளாகத்தில் முக்கியமாக அகப்பட்டது 1248. பக்கத்துத் தோட்டத்து மண்ணிலும் அதே வரிசையில் சிகரங்கள் வந்தால், "இது எங்க எண்ணெய் இல்ல, எங்கிருந்தோ வந்திருக்கு"ன்னு சொல்றது கஷ்டம். வருடக்கணக்கில் மண்ணில் கிடந்து மாறிப்போவதால் ரேகை கொஞ்சம் மங்கும், அதையும் சொல்லிடணும்.

ஏமாற்றுவதற்கு இடம் எங்கே என்றால், பொய் சொல்லத் தேவையே இல்லாத இடங்களில். பத்து இடத்து மண்ணை ஒரே ஜாடியில் கலக்கலாம். ஒரு இடத்தில் 90 பிபிஎம், மற்ற ஒன்பதில் எதுவும் இல்லை என்றால் ஜாடியில் 9 வரும். வரம்பு 10 என்றால் பாஸ். அல்லது, மேலே படிந்த மாசைத் தேடும்போது ஒரு அடி ஆழம் வரை குழாயை இறக்கி மொத்தத்தையும் கலக்கலாம், நல்ல மண் சேர்ந்து எண் இறங்கும். மூணாவது எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது: ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்று வரும். அது பூஜ்யம் இல்லை. அந்த லேப் அந்த முறையில் பார்க்கக்கூடிய குறைந்தபட்ச அளவுக்குக் கீழே என்றுதான் அர்த்தம். லேபால் 1 பிபிஎம்முக்குக் கீழே பார்க்க முடியாது, உங்க வரம்போ 0.1 என்றால், அந்த "கண்டறியப்படவில்லை" உங்களுக்கு எதுவுமே சொல்லவில்லை. லாக் லெவலை எரர்ல வச்சுட்டு வார்னிங்கே இல்லைன்னு சந்தோஷப்படுற மாதிரி.

ஆக சோதனையை விட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. வரம்பு. எவ்வளவு இருந்தால் சுத்தம் என்று சொல்வது?

அக்வெசாஸ்னே செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான். 1989ல் செயின்ட் ரீஜிஸ் மொஹாக் பழங்குடி அரசு உட்கார்ந்து தானே ஒரு சட்டத் தீர்மானம் போட்டது. எங்கள் நிலத்தில் மண்ணுக்கு பிசிபி வரம்பு 1 பிபிஎம். ஆற்றுச் சேற்றுக்கு 0.1. சேற்றுக்கு ஏன் அவ்வளவு இறுக்கம்? அரசு கணக்குப் போடும்போது சராசரி அமெரிக்கர் வாரத்துக்கு எவ்வளவு ஆற்று மீன் சாப்பிடுவார் என்று பார்க்கும். மொஹாக் குடும்பத்துக்கு அந்தச் சராசரி பொருந்தாது. இங்க மீன்தான் சாப்பாடு. அதே சேற்றில் உள்ள அதே பிசிபி இங்கே அதிகமாக வயிற்றுக்குள் போகும்.

சூப்பர்ஃபண்ட் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, பழங்குடி அரசுகளையும் பல விஷயங்களில் மாநில அரசுகள் மாதிரியே நடத்த வேண்டும் என்று. மாநிலம் வைத்த வரம்பு மத்திய வரம்பை விடக் கடுமையாக இருந்தால் சுத்திகரிப்பில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மொஹாக் அரசின் தீர்மானம் இந்தக் கதவு வழியாக உள்ளே போனது. 1990ல் இ.பி.ஏ. எழுதிய முடிவில் மொஹாக் நிலத்து மண்ணுக்கு 1 பிபிஎம், அங்குள்ள சேற்றுக்கு 0.1. ஜி.எம். வளாகத்துக்குள் மண்ணுக்கு 10 பிபிஎம். ஒரே வேலி, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் ஒன்று. மழைத் தண்ணிக்கு வேலி எங்க இருக்குன்னு தெரியாதுங்கிறது வேற விஷயம்.

சின்ன ஊர் ஒன்று எண் சொல்லி, உலகத்தின் பெரிய கார் கம்பெனி அந்த எண்ணுக்கு மண் தோண்ட வேண்டி வந்தது. இதைக் கொண்டாடலாம்தான். ஆனால் எல்லா இடத்திலும் அவர்கள் ஜெயிக்கவில்லை. 1992ல் குப்பைமேட்டைப் பற்றிய முடிவு வந்தது: தோண்டி எடுக்க வேண்டாம், மேலே மூடி போட்டு அப்படியே வைத்துவிடலாம். மொஹாக் பக்கம் இதைக் கடைசி வரை ஏற்றுக்கொள்ளவில்லை. எந்த முடிவையும் ஏழு தலைமுறை தள்ளி யோசித்து எடு என்பது ஹோடெனோஷோனி மரபு. பிசிபி அசையாமல் இருக்கும், மூடி இருக்குமா என்பது அவர்களின் கேள்வி. 1995ல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஆலையை ஒட்டிய சேற்றை வாரினார்கள். ஆமைக் குடாவும் ராக்கெட் பாயிண்ட் மண்ணும் சுத்தமாவதற்கு 2000கள் வரை ஆனது. அங்கே மீன் பிடித்து விளையாடிய பிள்ளைகளுக்கு அதற்குள் பிள்ளைகள் பிறந்திருக்கும்.

இதற்கிடையில் தாய்ப்பால் திட்டத்தின் முடிவுகள் வந்தன. 97 மொஹாக் தாய்மாரையும், தள்ளி வேறு ஊர்களில் வாழும் 154 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு, 1998ல் வெளியானது. 1980களின் பிற்பகுதியில் பிள்ளை பெற்ற மொஹாக் பெண்களின் பாலில் பிசிபி அதிகம். 1990களின் தொடக்கத்தில் பெற்றவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. ஆறு சுத்தமாகிவிட்டதா? இல்லை. பெண்கள் ஆற்று மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். 1980களில் சாப்பிடாதீங்கன்னு எச்சரிக்கை வந்தது, அவங்க கேட்டாங்க, குழந்தைகள் தப்பிச்சாங்க.

ரிஸ்க் அசெஸ்மென்ட் படிச்சவங்க இதை வெற்றின்னு எழுதுவாங்க. அக்வெசாஸ்னேயில் அந்த வெற்றிக்கு ஒரு பில் வந்தது. மீன் போன இடத்தில் கடையில் வாங்குகிற மலிவு உணவு வந்தது, சர்க்கரை நோய் பெரிய கவலையானது. மொஹாக் கவுன்சிலின் சுற்றுச்சூழல் துறையைப் பல வருடம் நடத்திய ஹென்றி லிக்கர்ஸ் இன்னொன்றைச் சொல்லி வந்தார். மீன் பிடிப்பது நின்றால் வலை பின்னுவது நிற்கும். வலை பின்னும்போதுதான் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முடிச்சின் பெயரையும் சொல்வார்கள். வலை இல்லையென்றால் முடிச்சு இல்லை, முடிச்சு இல்லையென்றால் அந்தச் சொல்லும் இல்லை. நம்ம பரதவர் ஊர்களில் வலையின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பெயர் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். எந்த மண் சோதனையிலும் இதற்கு ஒரு காலம் கிடையாது.

ஆராய்ச்சியாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ரத்தம், பால், மண், மீன், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். 1987ல் ஊர்க்காரர்களே தொடங்கியிருந்த அக்வெசாஸ்னே சுற்றுச்சூழல் பணிக்குழு, 1996ல் ஒரு விதிமுறை எழுதியது. இங்கே ஆராய்ச்சி செய்ய வேண்டுமா? முதலில் எங்கள் குழுவிடம் திட்டத்தைக் கொடு. ஊருக்கு என்ன பலன் என்று சொல். எங்கள் ஆட்களை வேலைக்கு எடு, பயிற்சி கொடு. தரவு யாருடையது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போடு. அமைதி, நல்ல மனம், வலிமை என்ற மூன்று பழைய ஹோடெனோஷோனி கொள்கைகளின் மேல் இதைக் கட்டியிருந்தார்கள். டேட்டா பிரைவசி பற்றி நம்ம ஆபீஸ்களில் பவர்பாயிண்ட் போட ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடி.

2009ல் கதை எதிர்பாராத பக்கம் திரும்பியது. மே மாதம் மசீனா ஆலை மூடப்பட்டது. ஜூன் 1ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு போட்டது. மாசுபடுத்தியவனே சுத்தம் செய்யணும்னு இருபத்தஞ்சு வருஷம் சண்டை போட்டு வந்தால், மாசுபடுத்தியவனே காணாமல் போகிறான். புதிய ஜி.எம். நல்ல ஆலைகளை எடுத்துக்கொண்டு போனது. பழைய கெட்ட நிலங்களெல்லாம் 2011ல் ஒரு அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டன, சுமார் 77 கோடி டாலரோடு. அந்த ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசும் 14 மாநிலங்களும் கையெழுத்துப் போட்டன. கூடவே ஒரே ஒரு பழங்குடி அரசு: செயின்ட் ரீஜிஸ் மொஹாக். ஆலையை இடித்து, அடியில் இருந்த மண்ணைத் தோண்டி, ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். குப்பைமேட்டின் எல்லைப்பக்க ஓரத்தை மொஹாக் வேலியிலிருந்து சுமார் 150 அடி பின்னுக்குத் தள்ளினார்கள். மேடு அங்கேயேதான் இருக்கிறது.

2013ல் இன்னொரு உடன்பாடு. அல்கோவா, ரெனால்ட்ஸ், ஜி.எம். ஆலைகளால் இயற்கைக்கு ஏற்பட்ட சேதத்துக்கு ஈடாக 1 கோடி 94 லட்சம் டாலர். இதில் எனக்குப் பிடித்த வரி: அதில் 84 லட்சம் டாலர் மொஹாக் மக்களின் பண்பாட்டு இழப்புக்கு. மீன், பறவை, சதுப்பு நிலத்துக்கெல்லாம் சேதக் கணக்குப் போடுகிற சட்டத்தில், மறந்துபோன முடிச்சின் பெயருக்கும் ஒரு மதிப்பு போட வைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு குருகுலம் மாதிரி ஆரம்பித்தார்கள். தெரிந்த பெரியவர் ஒருவர், கற்றுக்கொள்ள வருகிற இளையவர்கள் சிலர். சம்பளம் உண்டு. நான்கு பாடம்: ஆறும் மீன்பிடிப்பும், வேட்டையும் பொறி வைப்பதும், மருந்துச் செடிகள், தோட்டத்தோடு கூடை முடைவது. பாடத்தோடு மொஹாக் மொழியும் சேர்த்து.

முதல் நாள் பாடத்துக்கு எந்தத் தண்ணிக்குப் போறது, எந்த மண்ணுல நடுறதுன்னு அவங்க முடிவு பண்ணணும் இல்லையா? அதற்குப் பழங்குடி அரசின் சுற்றுச்சூழல் பிரிவு இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளே அதில் டெக்னீஷியன்கள். குப்பைமேட்டைச் சுற்றி இருக்கிற கண்காணிப்புக் கிணறுகளிலிருந்து வருகிற எண்களை அவர்களும் பார்க்கிறார்கள். ஜாடி, லேபிள், ஐஸ் பெட்டி, கையெழுத்துக் காகிதம் எல்லாம் அதேதான், வரம்பு மட்டும் அவர்கள் எழுதியது.